அப்பா டைப் பண்ணது ஏன் கிறுக்கலா தெரியுது? – கம்ப்யூட்டர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த மெயில், வாட்ஸ்அப், வாய்ஸ் நோட்டு எல்லாத்தையும் உக்காந்து பிரிச்சு வச்சேன், முக்கால்வாசி ஒரே புலம்பல்தான். ஒரு சாஃப்ட்வேர்ல அடிச்ச ஃபைலை இன்னொண்ணுல திறந்தா கோணல்மாணலா வருதுன்னு. சரி, இந்த வாரம் பூரா அதையே பேசிடுவோம், மொபைல் சூடாகுதுன்னு கேட்டவங்க அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: வணக்கம் சார். எங்க அப்பா டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆனதும் தன் வாழ்க்கைக் கதைய பழைய டெஸ்க்டாப்ல வேர்டுல டைப் பண்ணி வச்சிருக்கார், 140 பக்கம் இருக்கும். இப்ப அவருக்கு 81 வயசு. புத்தகமா போட்டு கைல குடுக்கலாம்னு ஃபைலை என் புது லேப்டாப்ல லிப்ரே ஆபீஸ்ல திறந்தா ஒரு தமிழ் எழுத்து கூட இல்ல, இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கிறுக்கி வச்ச மாதிரி இருக்கு. தம்பி துபாய்ல கூகுள் டாக்ஸ்ல திறந்தான், அதே கதை. இங்க ஒரு டிடிபி கடைல காமிச்சோம், ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, முழுசா திரும்ப அடிக்கணும்னு சொல்லி பக்கத்துக்கு ஒரு ரேட்டும் சொல்லிட்டாங்க. வேற வழியே இல்லையா? – வாசகி, மன்னார்குடி

முதல்ல காசு குடுத்துடாதீங்கம்மா. ஃபைல் கரப்ட் ஆகல, அப்பா அடிச்சது ஒரு எழுத்து விடாம அப்படியே பத்திரமா இருக்கு. அவர் அடிச்சது அனேகமா பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல. செக் பண்ணிக்கணும்னா அந்த கிறுக்கல்ல நாலு வரிய செலக்ட் பண்ணிட்டு மேல ஃபான்ட் பேர் காட்டுற பெட்டிய பாருங்க, ஃபான்ட் உங்க லேப்டாப்ல இல்லாட்டியும் அதோட பேர் ஃபைலுக்குள்ள இருக்கும், ரைட்டர், அதாவது லிப்ரே ஆபீஸ்ல வேர்டு மாதிரி இருக்கிற சாஃப்ட்வேர், அந்த பேரை சாய்வா காட்டும்.

என்ன நடக்குதுன்னா, பாமினில அம்மானு வரணும்னா விரல் தட்டுறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கம்ப்யூட்டர் சேமிச்சு வச்சிருக்கிறதும் அந்த அஞ்சையும்தான், அதுக்கு இது தமிழ்னே தெரியாது. பாமினி ஃபான்ட்டை செஞ்சவங்க எம் இருக்க வேண்டிய இடத்துல அ படத்தை வரைஞ்சு வச்சிட்டாங்க, அவ்வளவுதான் வித்தை. ஃபான்ட் இருக்கிற வரைக்கும் அம்மா, ஃபான்ட் போயிட்டா எம்கே அரைப்புள்ளி கேஎச். வேர்டு, ரைட்டர், கூகுள் டாக்ஸ் எது மேலயும் தப்பு கிடையாது. கூகுள் டாக்ஸ்ல நம்ம சொந்த ஃபான்ட்டை ஏத்தவே முடியாது, அதனால தம்பி அங்க எவ்வளவு மல்லுக்கட்டினாலும் வராது.

இப்ப வேலைய இந்த வரிசைல பண்ணுங்க. பழைய டெஸ்க்டாப் இன்னும் ஆன் ஆகுதுன்னா அதை எடைக்குப் போட்டுடாதீங்க, சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதுல பாமினி ஃபைல் இருக்கும், அதை பென்டிரைவ்ல எடுத்துக்கோங்க. புது லேப்டாப்ல அதை டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்துட்டு ரைட்டரை மூடி திறந்தா அப்பா எழுதினது கண்ணு முன்னாடி வந்து நிக்கும். உடனே அதை ஒரு பிடிஎஃப் எடுத்து வச்சிடுங்க. அதுதான் பின்னாடி ஒப்பிட்டுப் பாக்க மூலப் பிரதி, பிரிண்ட் எடுத்து அப்பாகிட்டயும் குடுக்கலாம்.

ஆனா அதோட நிறுத்தினா பத்து வருஷம் கழிச்சு உங்க பிள்ளைங்க இதே கேள்விய எனக்கு அனுப்புவாங்க. எல்லா கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் தமிழ்னே புரியுற பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாத்திடுங்க. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவசமாவே இருக்கு, கிறுக்கலை காப்பி பண்ணி போட்டு பாமினினு தேர்ந்தெடுத்தா யூனிகோட் தமிழ் வந்துடும். பாமினி தானான்னு உறுதி பண்ணிட்டு மாத்துங்க. அந்தக் காலத்துல டாப், டாம், டிஸ்கி, வானவில், ஸ்ரீலிபினு எந்தச் சாவிக்கு எந்த எழுத்துன்னு ஆளாளுக்கு ஒரு அட்டவணை வச்சிருந்தாங்க, ஒண்ணோட சாவி இன்னொண்ணுக்கு சேராது. டாம், டாப் ரெண்டையும் தமிழக அரசே 1999ல தரம்னு அறிவிச்சு, அப்புறம் 2010ல கோவை செம்மொழி மாநாடு சமயத்துலதான் யூனிகோடுக்கு வந்து சேந்தாங்க. அதுக்கு முன்னாடி அடிச்சு வச்ச தமிழ் எத்தனை வீட்டு பீரோவுல சிடிலயும் ஃப்ளாப்பிலயும் தூங்குதோ.

மாத்தும்போது ரெண்டு இடத்துல அடி வாங்குவீங்க, இப்பவே சொல்லிடறேன். ஒண்ணு, அப்பா நடுநடுவுல இங்கிலீஷ்ல ஏதாவது அடிச்சிருப்பார், ஆபீஸ் பேர், ஊர் சுருக்கம் இப்படி. கன்வெர்ட்டருக்கு எது தமிழ் எது இங்கிலீஷ்னு தெரியாது, அதையும் தமிழாக்கி ஏதோ பாஷையா துப்பிடும். ரைட்டர்லயே ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்ல ஃபார்மட்னு குடுத்து டைம்ஸ் நியூ ரோமன் மாதிரி இங்கிலீஷ் ஃபான்ட்ல இருக்கிறதை எல்லாம் தேடி முன்னாடியே ஒரு பேப்பர்ல குறிச்சு வச்சுக்கோங்க. ரெண்டாவது இன்னும் வேடிக்கை. வேர்டுக்கு ஒரு பழக்கம், வாக்கியத்தோட முதல் எழுத்தை தானா பெரிய எழுத்தாக்கும். பாமினில சின்ன எம் அ, பெரிய எம் ஆ. அதனால வாக்கியம் ஆரம்பிக்கிற இடத்துல அப்பா அன்புன்னு அடிச்சது ஆன்பு ஆயிருக்கும், அவரையே ஆப்பா ஆக்கியிருக்கும். அந்தக் காலத்துல பாமினில அடிச்சவங்க முதல் வேலையா ஆட்டோ கரெக்ட்டை அணைச்சுட்டுத்தான் உக்காருவாங்க, உங்க அப்பா அணைச்சாரான்னு தெரியாது. முற்றுப்புள்ளிக்கு அடுத்த எழுத்தை எல்லாம் ஒரு கண்ணு பாத்துடுங்க.

ஒரு நாளைக்கு பத்து பக்கம்னு அப்பாவ பக்கத்துல உக்கார வச்சு சத்தமா படிச்சுக்கிட்டே திருத்துங்க. ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும், அவர் அப்ப சொல்லாம விட்டதும் கொஞ்சம் வெளிய வரும்.

கேள்வி: பையனோட ரெஸ்யூம லிப்ரே ஆபீஸ்ல அழகா ரெண்டு பக்கத்துல செஞ்சோம். கடைக்கு கொண்டு போய் வேர்டுல திறந்தா மூணு பக்கம் ஆகுது, போட்டோ கீழ இறங்கி டிக்ளரேஷன் மேல உக்காந்திருக்கு. கடைக்காரர் லிப்ரே ஆபீஸே சரியில்லங்கிறார், பையன் வேர்டுதான் சரியில்லங்கிறான். யார் சொல்றது சரி? – வாசகர், விருதுநகர்

ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் சரி, ஆனா சண்டைக்கு காரணம் வேற எங்கயோ இருக்கு. டாக்எக்ஸ், அதாவது வேர்டு ஃபைல்ங்கிறது தைச்ச சட்டை இல்லைங்க, அளவு எழுதின சீட்டு. இந்த ஃபான்ட், இந்த சைஸ், ஓரத்துல இவ்வளவு இடம், இங்க ஒரு போட்டோன்னு குறிப்பு மட்டும்தான் அதுல இருக்கும், வரி எங்க உடையணும்னு இருக்காது. திறக்குற ஒவ்வொரு சாஃப்ட்வேரும் அந்த சீட்டைப் பாத்து அதே இடத்துல புதுசா தைக்குது. அங்க நூல் வேறயா இருந்தா தையல் மாறத்தான் செய்யும்.

நூலுன்னா ஃபான்ட். வேர்டுல 2007ல இருந்து காலிப்ரிதான் வழக்கமா வரும், உங்க வீட்ல லினக்ஸ்னா அதுல அது இருக்காது, ஆனா அதே அகலத்துல செஞ்ச கார்லிட்டோனு ஒரு ஃபான்ட் லிப்ரே ஆபீஸ் கூடவே வருது, டைம்ஸுக்கும் ஏரியலுக்கும் லிபரேஷன்னு ஒரு குடும்பமே இருக்கு. எழுத்தோட அகலம் ஒண்ணா இருக்கிறதால வரி நகராது. இதுவரைக்கும் நிம்மதி. 2023ல மைக்ரோசாஃப்ட் ஆப்டோஸ்னு புது ஃபான்ட்டை வழக்கமாக்கினாங்க பாருங்க, அதுக்கு அந்த மாதிரி ஜோடி லிப்ரே ஆபீஸ் கூட வர்றதில்ல, பழைய வேர்டு 2016 போட்ட கடைல கூட அது இருக்காது. அதனால ரெஸ்யூமுக்கு டைம்ஸோ ஏரியலோ காலிப்ரியோ போட்டு வேலைய முடிங்க, இன்டர்நெட்ல இறக்கின வளைவு நெளிவு ஃபான்ட் எல்லாம் வேணாம்.

அடுத்தது பேப்பர் சைஸ், இதை யாருமே பாக்க மாட்டாங்க. விண்டோஸ்ல ஊர் அமெரிக்கானு இருந்தா புது ஃபைல் லெட்டர் சைஸ்ல திறக்கும். லெட்டர் 216க்கு 279 மில்லிமீட்டர், நம்ம ஏ4 210க்கு 297. உயரத்துல 18 மில்லிமீட்டர் வித்தியாசம்னா பக்கத்துக்கு மூணு நாலு வரி, ரெண்டு பக்கம் மூணு பக்கம் ஆகுறதுக்கு அதுவே போதும்.

மூணாவது, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பையன் கைவேலை. பேர், விலாசம் எல்லாம் நேரா நிக்கணும்னு ஸ்பேஸ் பாரை தட்டித் தட்டி தள்ளியிருப்பாப்ல, அடுத்த பக்கம் போக என்டரை பதினஞ்சு தடவை அடிச்சிருப்பாப்ல. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். பக்கம் மாத்த கன்ட்ரோல் என்டர். ரெண்டு பத்தியா வரணும்னா கோடு இல்லாத டேபிள். போட்டோவ ரைட் கிளிக் பண்ணி ஆங்கர்ல ஆஸ் கேரக்டர்னு குடுத்தா அது ஒரு எழுத்து மாதிரி வரியோட ஒட்டிக்கும், தனியா ஓடாது. டெக்ஸ்ட் பாக்ஸ், வேர்டு ஆர்ட், ஸ்மார்ட் ஆர்ட் இதெல்லாம் ஒரு சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்கு போகும்போது கை காலை உடைச்சுக்கிற சாதி, ரெஸ்யூம்ல அதுக்கு வேலையே இல்ல.

இவ்வளவும் பண்ணாலும் கடைக்கு டாக்எக்ஸை கொண்டு போகாதீங்க. பிடிஎஃப்தான் தைச்ச சட்டை, ஃபான்ட்டும் உள்ளயே போயிடும். ரைட்டர்ல எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஹைபிரிட் பிடிஎஃப்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டா பாக்குறவங்களுக்கு சாதா பிடிஎஃப், திரும்ப ரைட்டர்லயே திறந்தா எடிட் பண்ற ஃபைல். இது ரொம்ப பேருக்கு தெரியாது. வேலைக்கு அனுப்புற இடத்துல வேர்டு ஃபைல்தான் வேணும்னு கண்டிப்பா கேட்டா மட்டும் அதைக் குடுங்க.

கேள்வி: பென்டிரைவ்ல டில்டா, டாலர் குறி போட்டு ஆரம்பிக்கிற ஒரு குட்டி ஃபைல் தானா வந்து உக்காருது, பேர் பாதி என் வேர்டு ஃபைல் பேர் மாதிரியே இருக்கு. திறந்தா ஒண்ணுமே இல்ல. வைரஸா? – வாசகி, ஆவடி

வைரஸ் இல்ல. சைஸ் பாருங்க, 162 பைட்னு இருக்கும். வேர்டு ஒரு ஃபைலை திறந்த உடனே இதை நான் வச்சிருக்கேன், வேற யாரும் கை வைக்காதீங்கன்னு கதவுல மாட்டுற போர்டு அது, மூடினதும் தானே எடுத்துடும். அது அங்கேயே கிடக்குதுன்னா ஃபைலை மூடாம பென்டிரைவ்வ உருவியிருக்கீங்கன்னு அர்த்தம், ஒரு நாள் உண்மையான ஃபைலே போயிடும். ரைட்டரும் லாக்னு பேர் வச்சு இதே மாதிரி ஒண்ணு போடும். எல்லா சாஃப்ட்வேரையும் மூடிட்டு தாராளமா டெலீட் பண்ணுங்க.

கேள்வி: ரைட்டர்ல தமிழ் எழுத்தை செலக்ட் பண்ணி ஸ்டைல்ல சைஸ் 16 வச்சா இங்கிலீஷ் மட்டும் பெருசாகுது, தமிழ் அசையவே மாட்டேங்குது. சாஃப்ட்வேர்ல கோளாறா? – வாசகர், திருநெல்வேலி

இல்லைங்க. ரைட்டர் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ரெண்டு மூணு ஃபான்ட் வச்சிருக்கும், வெஸ்டர்ன்னு ஒண்ணு, காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்னு ஒண்ணு, ஜப்பான் சீனாவுக்கு ஒண்ணு. தமிழ், ஹிந்தி, அரபி எல்லாம் காம்ப்ளெக்ஸ் கட்சி. நீங்க வெஸ்டர்ன் பக்கம் 16 போட்டுட்டு தமிழ் ஏன் மாறலன்னு கேக்குறீங்க. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் போய் காம்ப்ளெக்ஸை டிக் பண்ணி தமிழ்னு வச்சீங்கன்னா அந்தப் பெட்டியும் கண்ணுல படும், அங்க சைஸை மாத்துங்க.

வேர்டுலயும் உள்ளுக்குள்ள இதே ஏற்பாடுதான். அதனாலதான் ஒரு இடத்துல ஒழுங்கா இருந்த தமிழ் இன்னொரு இடத்துல ஃபான்ட் மாறி வருது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல எல்லாம் லதாங்கிற தமிழ் ஃபான்ட்ல அடிச்சோம், விண்டோஸ் 8ல இருந்து நிர்மலாங்கிற ஃபான்ட் வந்துடுச்சு. விண்டோஸ் 10ல லதாவும், விஜயாங்கிற இன்னொரு ஃபான்ட்டும் கூட வர்றதில்ல, ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்ல தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்னு இருக்கும், அதைச் சேத்தாத்தான் வரும். யூனிகோடுங்கிறதால படிக்க முடியாம போகாது, வரி மட்டும் முன்ன பின்ன நகரும். விஜயா மட்டும் அதே சைஸ் போட்டாலும் சின்னப் பிள்ளையா தெரியும், பயப்படாதீங்க.

கேள்வி: வீட்ல நான் ஆபீஸ் லேப்டாப்ல வேர்டு, பொண்ணு அரசு குடுத்த லேப்டாப்ல லினக்ஸ் ரைட்டர், என் மனைவி போன்ல கூகுள் டாக்ஸ். எங்க அபார்ட்மெண்ட் சங்கத்து மினிட்ஸ் ஃபைல் மூணு பேர் கையிலயும் சுத்துது. எந்த ஃபார்மட்ல வச்சா நல்லது? – வாசகர், கோவை

டாக்எக்ஸ்லயே வைங்க. ரைட்டரோட சொந்த ஃபார்மட்டான ஓடிடிதான் நியாயமான ஃபார்மட்னு எனக்கு மனசுல ஒரு பக்கம் உண்டு, அது 2006லயே ஐஎஸ்ஓங்கிற உலகத் தரம் ஆயிடுச்சு, மைக்ரோசாஃப்டோட ஃபார்மட் 2008லதான் ஆச்சு, வேர்டும் 2009ல இருந்து ஓடிடிய திறக்குது. எல்லாம் சரி, ஆனா மூணு பேர்ல ரெண்டு பேருக்கு சுளுவா இருக்கிறது டாக்எக்ஸ். மூணுலயும் அதைத் திறக்கலாம், அதுலயே சேமிக்கலாம். கெடுதல் ஃபார்மட்டால வர்றதை விட மாத்தி மாத்தி போடுறதாலதான் வருது, டாக்எக்ஸை ஓடிடி ஆக்கி, கூகுள் டாக்ஸ் ஆக்கி, திரும்ப டாக்எக்ஸ் ஆக்கினா ஒவ்வொரு வாசல்லயும் ஒரு சாமானை விட்டுட்டு வர்ற கதைதான்.

பொண்ணு லேப்டாப்ல ஆப்ஷன்ஸ்ல லோட் சேவ்னு இருக்கும், அதுல ஆல்வேஸ் சேவ் ஆஸ்ங்கிறதை வேர்டுனு மாத்தி விட்டுடுங்க, இல்லாட்டி ஒரு நாள் அவசரத்துல ஓடிடியா சேமிச்சுட்டு அப்பா உங்க வேர்டுல கோணலா தெரியுதான்னு கேப்பா. மனைவி கூகுள் டாக்ஸ்ல திறக்கும்போது ஃபைல் பேர் பக்கத்துல டாக்எக்ஸ்னு ஒரு சின்ன சீல் தெரியணும், தெரிஞ்சா அதே ஃபைல்லயே எழுதறாங்கன்னு அர்த்தம். சேவ் ஆஸ் கூகுள் டாக்ஸ்னு குடுத்துட்டா அது ரெண்டாவது பிரதி, இனி எது உண்மைன்னு தேடணும்.

தேடுறதுன்னதும் ஞாபகம் வருது, எங்க குடும்பத்துல ஒரு கல்யாணத்துக்கு அழைப்பாளர் பட்டியல் ஃபைனல், ஃபைனல் 2, புது ஃபைனல், மாமா பாத்த ஃபைனல்னு நாலு இருந்துச்சு. பத்திரிகை வைக்கப் போனது ஃபைனல் 2 பட்டியலை வச்சு. விட்டுப் போனது பொண்ணோட சொந்த சித்தப்பா குடும்பம், இன்னைக்கு வரைக்கும் முகம் குடுத்து பேச மாட்டாங்க. அதனால வாட்ஸ்அப்ல ஃபைலை தூக்கிப் போட்டு விளையாடாதீங்க, கூகுள் டிரைவ்ல ஒரே ஒரு ஃபைல், மூணு பேருக்கும் அதோட லிங்க். ஆளுக்கு ஆள் திருத்துறது தெரியணும்னா டிராக் சேஞ்சஸ் போட்டுக்கோங்க, அதும் கமெண்ட்டும் வேர்டுக்கும் ரைட்டருக்கும் நடுவுல ஒழுங்காவே போய் வரும்.

இன்னொரு விஷயம், டாக்எக்ஸ்ங்கிறது உண்மையில ஒரு ஜிப் மூட்டை. ஒரு காப்பி எடுத்து பேர்ல கடைசில ஜிப்னு மாத்தி திறந்து பாருங்க, வேர்டுனு ஃபோல்டர், அதுக்குள்ள மீடியானு ஃபோல்டர், அங்க சங்கத்து போட்டோ எல்லாம் வரிசையா இருக்கும். ஃபைல் திறக்கவே மாட்டேங்குதுன்னு அழுதவங்களுக்கு நான் இப்படி போட்டோவ மட்டுமாவது மீட்டு குடுத்திருக்கேன்.

சின்னச் சின்ன கேள்விகள்

விண்டோஸ் அப்டேட் ஆனதும் வேர்டுபேட காணோம்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. விண்டோஸ் 11ல 24எச்2ங்கிற அப்டேட் வந்ததுல இருந்து மைக்ரோசாஃப்டே எடுத்துட்டாங்க, தேடாதீங்க. லிப்ரே ஆபீஸ் போட்டுக்கோங்க, காசு இல்ல.

ஐபேட்ல பேஜஸ்ல அடிச்சதை அனுப்பினா யாருக்கும் திறக்கல – பேஜஸ் ஃபைல் ஆப்பிள்காரங்களுக்குள்ளதான் செல்லுபடி, எக்ஸ்போர்ட்ல வேர்டுனு குடுத்து அனுப்புங்க.

டபிள்யூபிஎஸ்னு முடியுற பழைய சிடி ஃபைல் பத்தி கேட்ட சேலம் வாசகருக்கு. அது இப்ப போன்ல வர்ற டபிள்யூபிஎஸ் ஆபீஸ் ஃபைலாவும் இருக்கலாம், மைக்ரோசாஃப்ட் ஒர்க்ஸ்னு அந்தக் காலத்துல கம்ப்யூட்டரோட சேத்துக் குடுத்ததோட ஃபைலாவும் இருக்கலாம், ரெண்டுக்கும் வால் ஒண்ணு. தேதி பாருங்க, 2005க்கு முன்னாடின்னா அனேகமா ஒர்க்ஸ்தான். லிப்ரே ஆபீஸ்ல திறங்க, இந்த மாதிரி பழசை திறக்குறதுல அது கெட்டிக்காரி. பேஜ்மேக்கர்ல போட்ட பழைய பத்திரிகை ஃபைல் இருந்தா அதையும் போட்டுப் பாருங்க, 2015ல வந்த 4.4 பதிப்புல இருந்து அதையும் படிக்கும், அழகா வரும்னு சொல்ல மாட்டேன், எழுத்து வரும். பழைய ஃபான்ட்டா இருந்தா மேல மன்னார்குடிக்கு சொன்ன வைத்தியம்தான்.

கேள்வி: தமிழ் பிடிஎஃப்ல இருந்து ஒரு பத்திய காப்பி பண்ணி வேர்டுல போட்டா கொம்பு தனியா, கால் தனியா நிக்குது. ஃபான்ட் மாத்தியும் சரியாகல. என்ன பண்ண? – ஆசிரியை, புதுக்கோட்டை

கொடின்னு நாம படிக்கிறதை பிடிஎஃப் ஒரு கொம்பு, ஒரு க, ஒரு கால், அப்புறம் டினு கண்ணுக்குத் தெரியுற வரிசைல வரைஞ்சு வச்சிருக்கும். யூனிகோட்ல க முதல்ல வந்து கொம்பும் காலும் பின்னாடி வரணும். பிடிஎஃப்பை செஞ்ச சாஃப்ட்வேர் அந்தக் கணக்கை ஒழுங்கா எழுதி வைக்கலன்னா காப்பி பண்ணும்போது வரைஞ்ச வரிசையே வந்து விழும். இதை ஃபான்ட் மாத்தி சரி பண்ண முடியாது டீச்சர். பாடக் குறிப்பை அடிச்சவங்ககிட்ட இருந்து மூல வேர்டு ஃபைலை கேட்டு வாங்க முடியுமான்னு முதல்ல பாருங்க. கிடைக்கலன்னா பிடிஎஃப்பை கூகுள் டிரைவ்ல ஏத்தி, ரைட் கிளிக் பண்ணி ஓபன் வித் கூகுள் டாக்ஸ் குடுங்க, அது பக்கத்தை படமா நினைச்சு கண்ணால படிச்சு புதுசா டைப் பண்ணிக் குடுக்கும், தமிழும் நல்லாவே படிக்குது. ற, ர, ண, ன மட்டும் ஒரு தடவை சரி பாத்துக்கோங்க, டேபிள் இருந்தா அது கலைஞ்சுதான் வரும், அதை நீங்களே திரும்ப போட்டுக்கணும்.